நாக்குக்கு நாக்கு ருசி ஏன் மாறுகிறது?

1931ஆம் ஆண்டு. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு தூளைக் குப்பிக்குள் கொட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த நோலர் என்பவர், வாயெல்லாம் கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். ஃபாக்ஸுக்கு ஆச்சரியம். தூளுக்கு மிக அருகில் நின்றவர் அவர்தான், அதிகம் சுவாசித்தவரும் அவர்தான். அவருக்குக் கசப்பே தெரியவில்லை.

பேச்சு வாக்குவாதமானது. சரி, தின்றே பார்த்துவிடலாம் என்று ஆளுக்குக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். நோலருக்குத் தாங்க முடியாத கசப்பு. ஃபாக்ஸுக்குச் சுண்ணாம்புக் கட்டியை நக்கியது போல, ஒரு ருசியும் இல்லை. அப்புறம் அங்கிருந்த மற்றவர்களையும் சோதித்தார்கள். சிலர் நோலர் பக்கம், சிலர் ஃபாக்ஸ் பக்கம். வயது, ஆணா பெண்ணா, எந்த இனம் என்பதெல்லாம் இதைத் தீர்மானிக்கவில்லை.

அந்தத் தூளின் பெயர் ஃபீனைல்தயோகார்பமைடு, சுருக்கமாக பி.டி.சி. ஒரே பொருளை இரண்டு பேர் நாக்கில் வைத்தால் இருவருக்கும் ஒரே ருசிதான் தெரியும் என்று அதுவரை நாம் நினைத்துக்கொண்டிருந்ததில் முதல் ஓட்டை அங்கே விழுந்தது.

செய்தி வெளியானதும் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ போன்ற மரபியலாளர்கள் குடும்பம் குடும்பமாகச் சோதித்தார்கள். கசப்பு தெரியாத தன்மை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிறது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ள மரபணுவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன, ஒன்று அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது. பி.டி.சி. விஷயத்தில், கசப்பை உணரும் பிரதி ஒன்று இருந்தாலே போதும், கசப்பு தெரியும். இரண்டுமே உணராத பிரதிகளாக இருந்தால்தான் ஃபாக்ஸைப் போல ஆகும். அதனால் அம்மா அப்பா இருவருக்கும் கசப்பு தெரிந்தும் பிள்ளைக்குத் தெரியாமல் போகலாம். இருவரும் ஆளுக்கு ஓர் உணராத பிரதியை மறைவாக வைத்திருந்தால், அந்த இரண்டும் ஒரு பிள்ளையிடம் வந்து சேர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

டி.என்.ஏ. சோதனை வராத காலத்தில் இந்தக் குழந்தைக்குத் தகப்பன் யார் என்ற வழக்குகளில்கூட பி.டி.சி. ஏற்றிய தாளை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். விதிவிலக்குகள் உள்ள ஒரு சோதனையை நம்பி ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானித்தார்களே என்று நினைத்தால் கொஞ்சம் பகீரென்றுதான் இருக்கிறது. இன்றும் விலங்கியல், மானுடவியல் செய்முறை வகுப்புகளில் அந்தத் தாள் புழக்கத்தில் இருக்கிறது. கல்லூரியில் அதை நக்கிப் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். உலகம் முழுக்கப் பார்த்தால் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்குக் கசப்பு தெரியும். மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் இந்த அளவு மாறும்.

எந்த மரபணு இதற்குக் காரணம் என்பதைக் கண்டுபிடிக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க மரபியலாளர் டென்னிஸ் டிரேனாவின் குழு 7ஆம் குரோமோசோமில் அதைப் பிடித்தது. பெயர் டிஏஎஸ்2ஆர்38. பெயர் வாயில் நுழையாது, ஆனால் வேலை எளிமையானது. நாக்கின் சுவைமொட்டுகளில் இருக்கும் சில செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் எனப்படும் புரதங்கள் பதிந்திருக்கின்றன. உணவில் உள்ள ஒரு மூலக்கூறு வந்து பொருந்தினால் ஏற்பி செல்லைத் தட்டி எழுப்பும், செல் நரம்புக்குச் சொல்லும், நரம்பு மூளைக்குச் சொல்லும். அந்த ஏற்பியை எப்படிக் கட்டவேண்டும் என்ற குறிப்புதான் மரபணு.

டிஏஎஸ்2ஆர்38 சொல்லும் குறிப்பின்படி 333 அமினோ அமிலங்களைக் கோத்து ஓர் ஏற்பி உருவாகிறது. நோலர் வகை ஆட்களுக்கும் ஃபாக்ஸ் வகை ஆட்களுக்கும் பெரும்பாலும் அதில் மூன்றே மூன்று இடங்களில்தான் வேறுபாடு: 49, 262, 296ஆம் இடங்கள். 333இல் மூன்று. அந்த மூன்று மாறினால் ஏற்பி செல்லில் நின்றாலும் பி.டி.சி.யைக் கண்டுகொள்வதில்லை.

பி.டி.சி.யை யாரும் பொரியல் செய்து சாப்பிடுவதில்லையே, இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். அதன் மூலக்கூறில் நைட்ரஜன், கார்பன், கந்தகம் மூன்றும் சேர்ந்த ஒரு பகுதி இருக்கிறது. ஏற்பி பிடித்துக்கொள்வது அதைத்தான். அதே அமைப்பு கொண்ட பொருள்கள் நம் சமையலறையில் நிறையவே உண்டு. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, கடுகு எல்லாவற்றிலும் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. காயை நறுக்கும்போதோ மெல்லும்போதோ செல்கள் உடைந்து, உள்ளே தனியாக இருந்த ஒரு நொதி இந்தச் சேர்மங்களோடு கலந்து அவற்றைச் சிதைக்கிறது. அப்போது பிறப்பதுதான் கடுகின் நெடியும் முள்ளங்கியின் காரமும்.

கடுகை வைத்தே இதைப் பார்க்கலாம். காய்ந்த எண்ணெயில் கடுகைப் போட்டுத் தாளித்தால் அது வெடிக்கும், லேசான வறுத்த வாசனை வரும், நெடி வராது. சூட்டில் நொதி செத்துவிடுகிறது. அதே கடுகைப் பச்சையாகத் தண்ணீர் விட்டு அரைத்துப் பாருங்கள், மூக்கில் சுருக்கென்று ஏறும். பொருள் ஒன்றுதான். நொதிக்கு வேலை செய்ய வாய்ப்பு கிடைத்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

முருங்கையும் பப்பாளியும் தாவரவியல் கணக்கில் கடுகுக்குத் தூரத்துச் சொந்தம். மூன்றும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. முருங்கைக் கீரையிலும் குளுக்கோசினோலேட் உண்டு, பப்பாளி விதையை மென்றால் கடுகு போலக் காரம் அடிப்பதும் அதனால்தான். ஆக, ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒருவர் முருங்கைக்கீரைப் பொரியலை இரண்டாம் முறை கேட்பதற்கும், இன்னொருவர் இலை ஓரத்தில் ஒதுக்குவதற்கும் டிஏஎஸ்2ஆர்38 ஒரு சிறு பங்கு வகிக்கக்கூடும். ஒதுக்குபவரைத் திமிர் பிடித்தவர் என்று சொல்லும் முன் ஒரு நொடி யோசிக்கலாம்.

இந்தக் கசப்பு எச்சரிக்கை எதற்கு? முட்டைக்கோஸ் வகைக் காய்களில் வரும் கோயிட்ரின் போன்ற சில பொருள்கள் அளவுக்கு மிஞ்சினால், அதிலும் அயோடின் குறைவாக உள்ள இடங்களில், தைராய்டு சுரப்பியைத் தடுக்கக்கூடும். பி.டி.சி.க்குப் பதிலாக இப்போது சுவைச் சோதனைகளில் அதிகம் பயன்படும் புரோபைல்தயோயூராசில் என்பதே தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரைதான். கசப்பை உணர்வது ஒரு பாதுகாப்பு என்றால், உணராத பிரதி ஏன் இத்தனை பேரிடம் இன்னும் இருக்கிறது என்ற கேள்வி வருகிறது. அந்தப் பிரதியில் உருவாகும் ஏற்பி நமக்குத் தெரியாத வேறு ஏதோ ஒரு கசப்பைப் பிடிக்கிறதோ என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு உண்டு.

இங்கே சிம்பன்ஸிகளையும் சொல்லியாக வேண்டும். 1939இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் மரபியல் மாநாட்டுக்கு வந்த விஞ்ஞானிகள் ஃபிஷர், ஃபோர்டு, ஹக்ஸ்லி மூவரும் அங்கிருந்த விலங்குக் காட்சிசாலைக்குப் போய் சிம்பன்ஸிகளுக்கு பி.டி.சி. கலந்த நீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர்களைப் போலவே அவற்றிலும் இரண்டு கட்சி! இரு இனங்களும் பிரிவதற்கு முன்பே இந்த வேறுபாடு தோன்றி, இரண்டிலும் தொடர்ந்து வந்திருக்கிறது என்று வெகுகாலம் நினைத்தார்கள். 2006இல் சிம்பன்ஸியின் மரபணுவைப் படித்தபோது கதை மாறியது. அவற்றில் கெட்டுப்போயிருந்தது வேறு இடம், ஏற்பியைக் கட்ட ஆரம்பிக்கும் முதல் குறிப்பே. மனிதனும் சிம்பன்ஸியும் ஒரே குறையைத் தனித்தனி வழியில் பெற்றிருக்கிறார்கள்.

சரி, டிஏஎஸ்2ஆர்38 வேலை செய்யாதவருக்குப் பாகற்காயும் இனிக்குமா? இனிக்காது. பாகற்காயின் கசப்பு டிரைடெர்பினாய்டு வகைப் பொருள்களிலிருந்து வருகிறது, அவற்றில் அந்த நைட்ரஜன்–கார்பன்–கந்தக அமைப்பு இல்லை. கசப்புக்கென்று மனிதனிடம் ஏறக்குறைய 25 ஏற்பிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மரபணு. விஷச் செடிகள் பல விதம், அவற்றின் வேதிப்பொருள்களும் பல விதம் என்பதால் காவலுக்கு இத்தனை ஏற்பிகள். முட்டைக்கோஸில் அப்பாவைக் கொண்ட பிள்ளை பாகற்காயில் அம்மாவைக் கொள்ளலாம். “எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கசப்பு ஆகாது” என்று மொத்தமாகச் சொல்வதில் அவ்வளவு அர்த்தம் இல்லை.

இனிப்புக்கு நிலைமை வேறு. இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்த ஒரே ஏற்பிதான் முக்கியமானது. அந்த ஜோடியில் ஒன்றுக்கான மரபணு பூனைக்குக் கெட்டுப்போயிருக்கிறது என்று 2005இல் ஃபிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையம் கண்டறிந்தது. பூனைக்கு இனிப்பு என்றால் என்னவென்றே தெரியாது. பாயசத்தை அது நக்கினால் பாலுக்காக நக்குகிறது, சர்க்கரைக்காக அல்ல.

நமக்கும் சிறிது நேரத்துக்குப் பூனை நாக்கு வேண்டுமென்றால் சிறுகுறிஞ்சான் இலை போதும். சர்க்கரைக்கொல்லி என்று ஊரில் சொல்வார்களே, அதேதான். இரண்டு இலையை நன்றாக மென்று நாக்கு முழுக்கப் படவிட்டுத் துப்பிவிட்டு, கொஞ்சம் சர்க்கரையை வாயில் போடுங்கள். மணலை மெல்வது போல நறநறவென்று இருக்கும், இனிப்பு துளியும் தெரியாது. இலையில் உள்ள ஜிம்னிமிக் அமிலம் இனிப்பு ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் இனிப்பு திரும்பிவிடும், பயப்பட வேண்டாம். வேடிக்கை என்னவென்றால் இந்த அமிலம் மனித ஏற்பியைத்தான் முடக்கும், எலியின் இனிப்பு ஏற்பியை ஒன்றும் செய்யாது. ஏற்பியின் ஒரு சிறு பகுதி இரண்டு இனத்திலும் வேறாக இருப்பதே காரணம். மரபணுவில் வரும் வேறுபாடு ருசியாக எப்படி மாறுகிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. (சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.)

1990களில் லிண்டா பார்டோஷக் என்ற அமெரிக்க உளவியலாளர் இன்னொன்றைக் கவனித்தார். கசப்பு தெரிகிறவர்களிலும் சிலருக்கு அது அளவுக்கு மீறித் தெரிகிறது. இவர்களுக்கு அதிசுவைஞர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நாக்கின் நுனியில் காளான் வடிவச் சிறு மேடுகள் இவர்களுக்கு நெருக்கமாக இருக்கின்றன என்றும், சுவைமொட்டுகள் அந்த மேடுகளில்தான் இருப்பதால் எல்லாமே தூக்கலாகத் தெரிகிறது என்றும் சொல்லப்பட்டது. கேக்குக்குப் போடும் நீல நிறச் சொட்டை நாக்கில் தடவினால் மற்ற இடமெல்லாம் நீலமாகும், இந்த மேடுகள் மட்டும் சாயம் பிடிக்காமல் இளஞ்சிவப்பாகத் தெரியும். காகிதத்தில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டு, அதை நாக்கு நுனியில் வைத்து, ஓட்டைக்குள் தெரியும் மேடுகளை எண்ணலாம். பிள்ளைகளோடு செய்ய நல்ல விளையாட்டு. ஆனால் எண்ணிக்கையை வைத்து முடிவு கட்டாதீர்கள். டென்வர் அருங்காட்சியகத்துக்கு வந்த பார்வையாளர்களைச் சோதித்து 2014இல் வெளியான ஆய்வு, மேடுகளின் நெருக்கத்துக்கும் கசப்பை உணர்வதற்கும் தொடர்பு இருப்பதாகக் காணவில்லை. பாடப்புத்தகங்களில் வரும் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்ற நாக்கு வரைபடமும் இப்படித்தான். அது தவறு. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லா ஓரத்திலும் தெரியும்.

இதுவரை சொன்னது நாக்கின் கதை. உண்மையில் நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கினுடையது. ஏலக்காய் மிட்டாய் ஒன்றை எடுத்து, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயில் போடுங்கள். இனிப்பு மட்டும்தான் தெரியும். அது எந்த மிட்டாய் என்றே சொல்ல முடியாது. கையை எடுத்த அதே நொடியில் ஏலக்காய் வந்துவிடும். வாயில் மெல்லும்போது கிளம்பும் ஆவி தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. சளி பிடித்தால் சாப்பாடு சப்பென்று இருப்பதும், கொரோனா வந்தபோது பலருக்கு ரசமும் வெந்நீரும் ஒன்றாகப் போனதும் இதனால்தான். பலருக்கு நாக்கு நன்றாகவே இருந்தது.

மூக்கின் மரபணுக்களைக் கண்டுபிடித்தவர்கள் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும். 1991இல் வெளியிட்டார்கள், 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதனுக்கு வேலை செய்யும் மோப்ப ஏற்பி மரபணுக்கள் சுமார் 400. ஒரு மணத்துக்கு ஓர் ஏற்பி என்று கணக்கு இல்லை. ஒரு மணம் பல ஏற்பிகளைத் தூண்டும், ஓர் ஏற்பி பல மணங்களுக்கு அசையும். 400 கட்டைகள் உள்ள ஆர்மோனியத்தில் சில கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் வருவதுதான் மல்லிகை, வேறு சிலவற்றை அழுத்தினால் வருவது கருவாடு. இதில் ஒவ்வொருவர் ஆர்மோனியத்திலும் சில கட்டைகள் ஊமை, சில சுருதி விலகியவை. அவை எவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். எந்த இரண்டு பேரை எடுத்துக்கொண்டாலும் அவர்களின் மோப்ப ஏற்பி மரபணுப் பிரதிகளில் சராசரியாக 30 சதவீதத்துக்கு மேல் செயல்பாட்டில் வேறுபடுகின்றன என்று 2014இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நாக்கைவிட மூக்கில்தான் நாம் ஒருவருக்கொருவர் அந்நியர்கள்.

ஆண் பன்றியின் இறைச்சியில் ஆண்ட்ரோஸ்டெனோன் என்ற பொருள் இருக்கும். ஆண்களின் வியர்வையிலும் உண்டு. இதை முகர்ந்தால் சிலருக்கு மூத்திர வாடை, சிலருக்கு இனிப்பான வனிலா போன்ற மணம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. இந்த மூன்று விதத்துக்கும் பின்னால் ஓஆர்7டி4 என்ற ஏற்பியின் மரபணு வேறுபாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று 2007இல் காட்டினார்கள். ஐரோப்பாவில் ஆண் பன்றிக்குட்டிகளுக்குக் காயடிப்பதற்கு முக்கியக் காரணமே இந்த வாடை.

கொத்தமல்லித் தழையின் வழக்கு இன்னும் பிரபலம். மேலை நாடுகளில் அதைச் சோப்பு மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுபவர்கள் ஏராளம். தழையின் மணத்தில் ஆல்டிஹைடு எனப்படும் சேர்மங்கள் நிறைய. அதே வகைச் சேர்மங்கள் சோப்பிலும் சில நாற்றப் பூச்சிகளிலும் உள்ளன. 2012இல் அமெரிக்காவில் சுமார் 25,000 பேரின் மரபணுத் தகவலைப் பார்த்தபோது, சோப்பு வாடை அடிக்கிறது என்றவர்களிடம் 11ஆம் குரோமோசோமில் ஓஆர்6ஏ2 என்ற மோப்ப ஏற்பியின் மரபணு இருக்கும் பகுதியில், டி.என்.ஏ.வின் ஒரே ஓர் எழுத்து மாற்றம் அதிகமாக இருந்தது.

இதைப் பிடித்துக்கொண்டு கொத்தமல்லி வெறுப்பு மரபணு என்று தலைப்பு போட்ட பத்திரிகைகள் ஒன்றைச் சொல்லாமல் விட்டன. அந்த வெறுப்பில் மரபணுவால் விளக்க முடிந்த பங்கு மிகச் சிறியது என்று அதே ஆய்வு சொல்கிறது. கனடாவில் அதே ஆண்டு இளைஞர்களிடம் கேட்டபோது, கிழக்காசிய வம்சாவளியினரில் 21 சதவீதம் பேர் கொத்தமல்லி பிடிக்காது என்றார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் 17 சதவீதம், தெற்காசியர்களில் 7 சதவீதம், மத்திய கிழக்கு நாட்டவரில் 3 சதவீதம். சாம்பார், ரசம், சட்னி என்று எதிலும் தழை தூவும் வீடுகளில் வளர்ந்தவர்களிடம் வெறுப்பு குறைவாக இருப்பது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது உண்மையிலேயே அந்த வாடை ஆகாவிட்டால், இறக்கியபின் தூவாமல் கொதிக்கும்போதே போட்டுவிடுங்கள். ஆல்டிஹைடுகள் எளிதில் ஆவியாகிப் போகும்.

மரபணு எந்த அளவுக்கு ஆளைத் தலைகீழாக்கும் என்பதற்கு ஓர் அரிய உதாரணம் உண்டு. வலியே தெரியாமல் பிறப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். எஸ்சிஎன்9ஏ என்ற மரபணு வேலை செய்யாததால் இப்படி ஆகிறது என்பது 2006இல் வடக்கு பாகிஸ்தானின் சில குடும்பங்களை ஆராய்ந்தபோது தெரியவந்தது. 2011இல் இப்படிப்பட்டவர்களைச் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: அவர்களுக்கு வாசனையும் தெரியாது. வலி நரம்பும் மோப்ப நரம்பும் செய்தி அனுப்ப ஒரே புரதத்தை நம்பியிருக்கின்றன.

காரத்தையும் இங்கே சொல்லிவிடலாம். காரம் சுவையே அல்ல, வலி. மிளகாயின் கேப்சைசின் போய் ஒட்டுவது டிஆர்பிவி1 என்ற ஏற்பியில். 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் எரிகிறது என்று சொல்ல வேண்டிய ஏற்பி அது. 1997இல் அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் கிடைத்தது. பறவைகளின் டிஆர்பிவி1 சற்று வேறு அமைப்பு கொண்டது, கேப்சைசினுக்கு அசையாது. கிளி பச்சை மிளகாயைக் கொறித்துக்கொண்டு ஒன்றுமே நடக்காதது போல நம்மைப் பார்ப்பது வீரத்தால் அல்ல, அதற்கு உண்மையிலேயே எரிவதில்லை. மனிதர்களுக்குள் காரம் பிடிப்பதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு என்று ஃபின்லாந்து இரட்டையர்களிடம் செய்த ஆய்வு காட்டியது. ஆனால் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. போர்த்துகீசியர் வருவதற்கு முன் நம் சமையலில் அது இல்லவே இல்லை. சில நூற்றாண்டுகளில் நாம் மிளகாய்க்காரர்கள் ஆனது ஏற்பி மாறியதால் அல்ல, பழக்கத்தால்.

பிடிக்காமல் போவதற்குக் காரணம் எப்போதும் நாக்கும் மூக்கும்தான் என்றும் இல்லை. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று ஒதுக்குபவர்கள் பலருக்கு, பாலில் உள்ள லாக்டோஸை உடைக்கும் நொதி குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துவிடுகிறது. மனித இனத்துக்கு அதுதான் இயல்பு. பெரியவரான பின்னும் நொதி சுரந்துகொண்டே இருக்கச் செய்யும் மரபணு மாற்றம் ஐரோப்பாவில் இருப்பதே இந்தியாவிலும் இருக்கிறது. வடமேற்கில் அதிகம், தெற்கே வரவரக் குறைவு. நீலகிரியில் எருமை வளர்க்கும் தோடர்கள் விதிவிலக்கு, அவர்களிடம் அது மிக அதிகம். தயிராகவும் மோராகவும் ஆகும்போது நுண்ணுயிரிகள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால், பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர்சாதம் ஒத்துக்கொள்கிறது.

அப்படியானால் சாப்பாட்டுப் பழக்கத்தில் மரபணுவின் கை எவ்வளவு? பிரிட்டனில் 8 முதல் 11 வயதுள்ள இரட்டையர்களைப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வு, புதிய உணவைக் கண்டால் மறுக்கும் குணம் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடுவதில் 78 சதவீதத்தை மரபு வேறுபாடு விளக்குகிறது என்றது. இந்த எண்ணைப் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். உங்கள் மகளின் பிடிவாதத்தில் 78 சதவீதம் மரபணு, மீதி நீங்கள் கொடுத்த செல்லம் என்று அர்த்தம் இல்லை. அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குள் இருந்த வேறுபாட்டில் அவ்வளவு பங்கு என்றுதான் அர்த்தம். வேறு சூழலில் வேறு எண் வரும். மரபு அதிகம் என்பதால் மாற்ற முடியாது என்றும் இல்லை.

காபியைப் பாருங்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டன் மக்களின் தகவலை வைத்து 2018இல் வந்த ஓர் ஆய்வில், காஃபீனின் கசப்பை அதிகம் உணரும் மரபணுக்களைக் கொண்டவர்கள் காபியை அதிகம் குடித்தார்கள். குறைவாக அல்ல, அதிகமாக! கசப்பைத் தெளிவாக உணர்கிறவர்கள் அதை உற்சாகத்தோடு சேர்த்துப் பழகிக்கொள்கிறார்களோ என்னவோ. மரபணு அறிக்கையைப் பார்த்து உங்களுக்கு ஏற்ற உணவு இதுதான் என்று பட்டியல் விற்கும் நிறுவனங்களுக்குக் காசு கொடுக்க யோசிப்பவர்கள் இந்த ஒரு முடிவை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

பிள்ளைகள் விஷயத்தில் மோனெல் மையத்தின் ஜூலி மென்னெல்லா செய்த வேலைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. 2001இல் வெளியான ஆய்வில் ஒரு பிரிவு அம்மாக்கள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், இன்னொரு பிரிவினர் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் கேரட் சாறு குடித்தார்கள். மூன்றாவது பிரிவு தண்ணீர் மட்டும். பிறகு குழந்தைகளுக்குக் கேரட் கலந்த கூழைக் கொடுத்தபோது, கருவிலோ பாலிலோ கேரட்டை அறிந்திருந்த குழந்தைகள் முகம் சுளித்தது குறைவு. பிள்ளை பிறக்கும் முன்பே வீட்டுச் சமையலுக்குப் பழக ஆரம்பித்துவிடுகிறது.

2005இல் அவர் அம்மாக்களையும் பிள்ளைகளையும் சேர்த்து டிஏஎஸ்2ஆர்38ஐப் பரிசோதித்தார். உணரும் பிரதி ஒன்றும் உணராத பிரதி ஒன்றும் கொண்டவர்களில், பிள்ளைகளுக்குக் கசப்பு பெரியவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. கசப்பு அதிகம் தெரிந்த பிள்ளைகள் இனிப்பையும் கூடுதலாக விரும்பினார்கள். பெரியவர்களிடம் அந்த மரபணுத் தொடர்பு காணவில்லை, அவர்களின் இனிப்பு விருப்பம் பெரிதும் எந்த இனப் பின்னணியில் வந்தவர்கள் என்பதைப் பொறுத்தே இருந்தது. இன்னொன்றும் அந்த ஆய்வில் இருக்கிறது. கசப்பே தெரியாத அம்மாக்கள், கசப்பு தெரியும் தங்கள் பிள்ளைகளை எதற்கெடுத்தாலும் உணர்ச்சிவசப்படுகிறவர்கள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பாவம், அந்தப் பிள்ளை வாயில் தெரிவது அம்மா வாயில் தெரிவதே இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு வீட்டில் என்ன செய்யலாம்? கசப்பான காயைச் சர்க்கரை போட்டு மறைக்கத் தேவையில்லை. ஒரு சிட்டிகை உப்பு கசப்பை நேரடியாகவே அமுக்கும், 1997இல் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பாகற்காயை உப்பில் பிசிறி வைத்துப் பிழியும் பாட்டிக்கு அந்த ஆய்வு தேவைப்பட்டிருக்காது. பிழியும்போது கசப்புச் சாற்றில் ஒரு பங்கு வெளியேறுகிறது, ஒட்டியிருக்கும் உப்பு மிச்சத்தை அடக்குகிறது. முட்டைக்கோஸை நீண்ட நேரம் வேகவைக்காமல் தேங்காய்ப்பூ போட்டு இறக்குவதும் நல்லது, வேக வேகக் கந்தக வாடை கூடிக்கொண்டே போகும். ஒருமுறை துப்பியதால் நிறுத்திவிட வேண்டாம். ஒரு வாய் அளவு, திட்டாமல், வேறு வேறு நாள்களில் எட்டு பத்து முறை கொடுத்தால் பல குழந்தைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். அத்தனை முறைக்குப் பிறகும் குமட்டினால் அந்தக் காயை விட்டுவிட்டு வேறு கீரைக்குப் போங்கள், சந்தையில் கீரைக்கா பஞ்சம்.